இறக்கத்தில் கேட்காத சத்தம்

வண்டி பார்க்க வருகிறவர் பத்து மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார். நான் மகளுக்குப் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்றார். முள்ளுக்குறிச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். பழைய மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர் என்று கேள்விப்பட்டிருந்தோம். வந்ததும் வராததுமாக, விற்க நிறுத்தியிருந்த எங்கள் வண்டியின் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூடச் சொன்ன நேரத்துக்குத்தானுங்க வருவாங்க" என்றார் என் மாமனார்.

"சொன்ன நேரத்துக்கு வந்தா பொண்ணு பவுடர் பூசிக்குமுங்க. ஆறிக் கெடக்கறப்ப ஒதைச்சுப் பாத்தாத்தான் இஞ்சினோட நோவு தெரியும்."

மாமனார் சிரித்துவிட்டார். என் கணவர் போன பிறகு அவர் சிரிப்பது அபூர்வம்.

அது மாமனார் வாலிபத்தில் வாங்கிய வண்டி. எங்கள் கல்யாணத்தின்போது மகனுக்குக் கொடுத்தார். போன மழைக்காலத்தில் மலை இறங்கும்போது, ஒரு வளைவில், அந்த வண்டியோடுதான் என் கணவர் விழுந்தார். வேகம் என்றார்கள். மாமனாரும் அதையே நம்பினார் என்று நினைத்திருந்தேன். ஆனால் வண்டியைச் சரிசெய்த மெக்கானிக் என்னிடம் மட்டும், பிரேக் ஷூ கருகிப்போயிருந்தது என்றார்.

எங்கள் மலையில் இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்குகிறவர்கள் அதிகம். பெட்ரோல் மிச்சம். ஆனால் வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டும். வளைவுக்கு வளைவு சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போய்விடும். வண்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது சாவி ஆஃபில் இருந்ததை நான் பார்த்தேன். தூக்கி நிறுத்தியவர்கள் யாராவது அணைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படி இறங்க என் கணவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமனார். அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. ஒற்றை மகனைப் பறிகொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பது சரியா என்றும் தெரியவில்லை. சோறு போடும்போதெல்லாம் நினைப்பேன். பிறகு குழம்பை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன்.

வந்தவர் குத்தவைத்து உட்கார்ந்து, பின்னாலிருந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே துரு இருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் தேடினார். டேங்க்மேல் கட்டியிருந்த சின்ன ரெக்சின் மெத்தையைத் தொட்டு, "இதென்னங்க?" என்றார்.

"பாப்பா உக்கார்றதுக்குங்க" என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

"முன்பக்கம் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கே. விழுந்த வண்டிங்களா?"

"விழுந்ததுதானுங்க" என்றார் மாமனார். "எம்பையன் இதுலதான் போனான். மறைச்சு விக்க மாட்டேனுங்க."

வந்தவர் அந்தப் பெயின்ட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து கிக்கரை உதைத்தார். இரண்டு மூன்று உதையில் வண்டி கிளம்பியது. என் இடுப்பிலிருந்த மகள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நாலு வளைவு எறங்கிப் பாத்துட்டு வாரேனுங்க."

"போய்ட்டு வாங்க" என்றார் மாமனார். விருந்தாளிக்கு வழி சொல்லும் அதே அன்போடு, "எறக்கம் வந்ததும் ஆஃப் பண்ணிக்குங்க. காத்தாட்டம் போவும். எதுக்கு வீணா பெட்ரோலு?" என்றார்.

வந்தவர் தலையாட்டிவிட்டு கியரை மிதித்தார்.

மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ரோட்டுக்கு ஓடிப்போய் வந்தவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் பிறகு தோன்றியவை. அப்போது, "அணைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "கியர்லயே எறங்குங்க. பிரேக் மட்டும் தாங்காதுங்க, கருகிரும்."

அவர் என்னைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மரங்களுக்கு நடுவே வண்டி தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. வளைவில் தாழ்ந்து, மறுபடி எழுந்து, மறுபடி தாழ்ந்தது. மாமனார் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் ரோட்டோரம் மரவள்ளிக் காட்டுலதான் நின்னேன் கண்ணு" என்றார். "அவன் போறதப் பாத்தேன். கையக்கூட ஆட்டினான். சத்தம் கேக்கல."

"மாமா..."

"பரவால்ல, பையன் சிக்கனமாத்தான் இருக்கறான்னு நெனச்சேன்."

அவருக்கு இது முன்பே தெரியுமா, என் வாயால்தான் தெரிந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாலு வளைவு போய்த் திரும்பி வந்தவருக்கு வண்டி பிடித்துப்போனது. அன்றைக்கே எடுத்துக்கொண்டார். ரெக்சின் மெத்தையை அவிழ்த்து என்னிடம் தந்துவிட்டார். மாமனார் ரோடுவரை கூடவே போய், ஹேண்டில்மேல் கை வைத்து, "கியர்லயே எறங்குங்க சாமி. அணைச்சுராதீங்க. நான் முன்ன சொன்னது தப்புங்க" என்றார்.

வண்டி போனது. வளைவுக்கு வளைவு சத்தம் சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கேட்கவில்லை. வெகுதூரம் போய்விட்டதாலா, அணைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. மாமனார் வெகுநேரம் ரோட்டிலேயே நின்றார். மகளைத் தூக்கிக்கொண்டு நானும் பக்கத்தில் போய் நின்றேன்.