பிளம் கேக்குக்கு எந்த ஒயின்

இசக்கிச்செல்வி ஒரு சொட்டு ஒயின் குடித்தவள் இல்லை. ஆனாலும் குற்றாலத்தில் அவள் பலகாரம் செய்யும் ரிசார்ட்டில், கிறிஸ்துமஸ் வார விருந்துக்கு எந்த இனிப்போடு எந்த ஒயின் என்று முடிவு செய்கிறவள் அவள்தான். கிளாஸை மூக்கருகே கொண்டுபோவாள். அவ்வளவுதான்.

"இத அதிரசத்தோட குடுக்காதீய. பலகாரத்துல இனிப்பு கூட இருக்கு, ஒயினு வெறும் புளிப்பா நிக்கும்" என்பாள். இஞ்சி பிஸ்கட்டுக்குக் கொடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்ட திராட்சையின் இனிப்பு ஒயின், தேங்காய் குக்கீஸுக்கு நுரைக்கிற ஒயின் என்று அவள் சொன்னது எதுவும் தப்பியதில்லை. மேனேஜர் மணிகண்டபிரபு முதல் வருடம் சோதித்துப் பார்த்தார். அடுத்த வருடத்திலிருந்து அவளிடமே விட்டுவிட்டார்.

அந்த மூக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. மேலகரத்து வீட்டில், கல்யாணமான பத்து வருடமும் கதவுக்குப் பின்னால் நின்று பழகியது அது. புருஷன் சுடலைமணி வேன் டிரைவர். அவன் படியேறும்போதே குடித்தது பிராந்தியா ரம்மா, இன்று அடிப்பானா, அழுதுவிட்டுத் தூங்கிவிடுவானா என்று வாசனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ரம் என்றால் தாழ்ப்பாள்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் இருபத்துநாலு, மத்தியானம் மூன்று மணி, நல்ல மழை. கதவிடுக்கில் ரம் வாசனை வந்தது.

"ஏட்டி, கதவத் திற. நெஞ்சு அடைக்குது" என்றான் சுடலைமணி.

குடித்து வந்தால் எதையாவது சொல்கிறவன்தான். அவள் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு மூன்று தட்டல் கேட்டது, ஒன்றைவிட ஒன்று மெதுவாக. மழை விட்டபின் திறந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிர் இல்லை.

அவன் அன்று குடிக்கவே இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். வேனில் வந்த கேரளத்துக் குடும்பம் ஒன்று ரம்மில் ஊறிய பிளம் கேக்கை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகக் கூட்டாளி டிரைவர் பதினாறாம் நாளன்று சொன்னான். வாசலில் கேக் எதையும் அவள் பார்க்கவில்லை. நாய் தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தாழ்ப்பாள் போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் அவள் பட்டியலில் பிளம் கேக்குக்கு எதிரே மட்டும் ஒவ்வொரு வருடமும் காலியாகவே இருந்தது. இந்த வருடம் மணிகண்டபிரபு விடவில்லை. விருந்தாளிகள் கேட்கிறார்களாம். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் பார் பையன் தேவா மூன்று பாட்டில்களோடு சமையலறைக்கு வந்தான்.

அவள் கேக் டின்னைத் திறந்தாள். வாசனை எழுந்ததும் பின்கதவில் தட்டல் கேட்டது.

"யாரோ தட்டுதாவ."

"ஒண்ணும் கேக்கலியேக்கா. அருவில தண்ணி கூடியிருக்கு, அதாயிருக்கும்" என்றான் தேவா.

மறுபடி தட்டல், முன்னைவிட மெதுவாக. அவள் ஓடிப்போய்க் கதவை இழுத்துத் திறந்தாள். சாரலில் ஐயப்பசாமிமார் வண்டிகள் நின்றன. வாசல்படியில் ஆள் இல்லை. ஆனால் அவள் நின்ற இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில், நனைந்த காக்கிச்சட்டை வாசனை இருந்தது. கதவு மூடிக்கொள்ளாதபடி மைதா மூட்டையை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது கிளாஸில் கருஞ்சிவப்பான போர்ட் ஒயின். நெடுநேரம் முகர்ந்தாள். "இது சரி. கேக்குல இருக்க ரம்ம அமுக்காது. கூடவே நிக்கும்." தேவா கிளாஸை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் மாரிச்செல்விக்குப் போன் போட்டாள். திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறாள். தாழ்ப்பாள், நெஞ்சடைப்பு, கேக் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"எம்மா, அந்தக் கேக்க நாந்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டுல இருந்து வந்தேன்லா, அப்பா ஒறங்குதாவன்னு நெனச்சேன். அப்பா கையில இருந்துச்சு. பொறவாசல் வழியா உள்ள வந்து, கட்டிலுக்கடியில வச்சு ஒரு வாரம் தின்னேன். கேட்டா அடிப்பியன்னு சொல்லல."

"நீ எடுக்கும்போது அப்பா கையி எப்படியிருந்துச்சு? சில்லுன்னா?" என்று கேட்டாள் இசக்கிச்செல்வி.

"சூடாத்தாம்மா இருந்துச்சு" என்றாள் மாரிச்செல்வி.