சீட்டில் வந்த பக்கம்

எங்கள் தோட்டத்தில் எங்களுக்கென்று மிஞ்சியிருப்பது கோயில் மட்டும்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ஆடித் திருவிழாவுக்கு மட்டும் ஈப்போ, லகாட், தெலுக் இந்தான் என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்குச் சிதறிப்போன சனம் காரைப் போட்டுக்கொண்டு வந்து சேரும். இரண்டாம் நாள் பட்டிமன்றம். நான் அதில் நிரந்தரப் பேச்சாளன், தலைப்பும் நிரந்தரம்: கடவுள் இருக்கிறாரா, இல்லையா? யாருக்கு எந்தப் பக்கம் என்று காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். தீர்ப்புக்குக் குலுக்கல் கிடையாது. கோயில் மண்டபத்தில் கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு எந்த நடுவர் அன்னதானத்துக்குப் போய் உட்காருவார்?

ஒரு வருஷம் ‘இல்லை’ பக்கம் பேசி, வழக்கம்போல் தோற்றேன். அடுத்த வருஷம் எனக்கு ‘இருக்கிறார்’ வந்தது. உண்மையில் எனக்குத் தெரியாது. இன்றைக்குக் கேட்டாலும் உதட்டைத்தான் பிதுக்குவேன். ஆனால் மைக்கைக் கையில் வாங்கிவிட்டுத் தெரியாது என்று இறங்க முடியுமா? காப்பி குடிக்கிற நேரத்தில் ஒரு கதை கட்டினேன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய ஒரு பெண், வயிற்றில் கட்டி. ஆப்பரேஷன் தேதி எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பால்குடம் எடுத்தாள், கட்டி கரைந்துவிட்டது. கிழித்ததைச் சொன்னபோது மேசையில் இருந்த காகிதம் ஒன்றை எடுத்து நானே கிழித்துக் காட்டினேன். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷம் நானும் நம்பினேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

திரும்பும்போது அக்கா என் காரில் வந்தாள். புருஷன் இறந்த பிறகு லகாட்டில் தனியாக இருக்கிறாள், கையுறை ஃபேக்டரியில் வேலை.

“தம்பி, ஒன்னு சொல்றேன், சத்தம் போடாத. எனக்கு மார்ல கட்டி. பெரியாஸ்பத்திரில ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்காங்க. பயந்து பயந்து செத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு நீ பேசினதக் கேட்டதும் பயம் போயிருச்சு. கைப்பைல இருந்த அட்டைய அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

காரை ஓரமாக நிறுத்தினேன்.

“அக்கா, அது பொய். நான் கட்டுன கதை.”

“நீ அழுதியேலா!”

“அதுவும் பேச்சுக்குத்தான்.”

“சும்மா இரு. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு இப்பத்தான் பொய் சொல்ற.”

அதற்குப் பிறகு நான் பேசாத பேச்சு இல்லை. வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். கடவுள் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த வாதம் அத்தனையும் எடுத்து வைத்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, “இது போன வருஷம் நீ தோத்த பேச்சுதானே?” என்று சிரித்தாள். கோபத்தில் கத்தினேன், காலைக்கூடப் பிடித்தேன். தோட்டத்துக் கோயில் குருக்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆப்பரேஷன் முடித்துவிட்டே பால்குடம் எடுக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னாள்: “ஐயருக்குச் சாமியப் பத்தித் தெரியும். அந்தப் பொம்பளையப் பத்தி அவருக்கு என்னலா தெரியும்?”

இல்லாத ஒருத்தியோடு எப்படி வாதாடுவது? ஆப்பரேஷன் தேதி வந்தது, போனது.

தைப்பூசத்தன்று வெயிலில் அவள் பால்குடத்தோடு நடக்க, நான் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வேண்டவும் செய்தேன். யாரை வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

பங்குனியில் வலி தாங்காமல் அவளே கூப்பிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டி மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர், சின்ன வயது மலாய்ப் பெண். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று கேட்டார். பட்டிமன்றம், சீட்டு, கதை, கிழித்த காகிதம் என்று எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். இப்படி உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், பயந்துபோய்த் தாமதமாக வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார் அவர் இதமாக. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே பெஞ்சில் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அந்தப் பொம்பளை ஒழுங்கா விரதம் இருந்திருப்பா தம்பி. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்.”

“அப்படி ஒருத்தி இல்லவே இல்லக்கா. சத்தியமா இல்ல.”

அவள் என் கையை எடுத்துத் தடவிக் கொடுத்தாள்.

“எனக்கு மனசு ஆறணும்னு சொல்ற. தெரியும்லா.”