ஒரு சுற்று நூல்

தன் சட்டையின் கீழ் ஓரத்தைத் தடவி, பிரிந்து நிற்கும் நூல் நுனி ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுக்கிறார். விரல் நீளம் வந்ததும் பல்லால் கடித்து அறுக்கிறார். மடியில் கவிழ்த்து வைத்திருக்கும் மரக் காரின் பின் அச்சில், சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடுக்கில், அதைச் சுற்றுகிறார். ஒரு சுற்று. கொஞ்சம் யோசித்து இன்னொரு சுற்று. கூடத்தில் மற்ற அப்பாக்கள் எல்லாம் கார் பறக்கட்டும் என்று அச்சில் பென்சில் தூளைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர்தான் ஓடுகிற காருக்குக் கடிவாளம் போடுகிறவர். அதுவும் பெற்ற மகளின் காருக்கு.

பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் வேலை. அதனால் பெரியவர்களுக்குப் பிரேக்காரர், பிள்ளைகளுக்குப் பிரேக் மாமா. உள்ளங்கை ரேகைகளில் கறுப்புத் தூள் ஏறி எந்தச் சோப்புக்கும் மசியாமல் நிற்கிறது. அவரோடு சாலையில் நிம்மதியாக நடந்து போக முடியாது. பேச்சின் நடுவே நின்று, போகிற பேருந்தைக் காது கொடுத்துக் கேட்டு, "பிரேக் லைனிங் தேஞ்சு போயிடுச்சு, டிரம்மைத் தின்னுது" என்று முகம் சுளிப்பார். பேருந்து போன பிறகும் அந்தச் சுளிப்பு போகாது. வீட்டில் கதவு எதுவும் படீரென்று சாத்திக்கொள்ளாது. எல்லாக் கதவு முனையிலும் ரப்பர் துண்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, பள்ளிக்கூடக் கூடத்தில் பந்தயம். மேசை மேலிருந்து தரைவரை சரிந்து இறங்கும் நீளப் பலகை. அதில் இரண்டே தடங்கள். உள்ளங்கை அளவு மரக்கட்டையைச் செதுக்கி, சக்கரம் பூட்டி, வண்ணம் அடித்துப் பிள்ளைகள் கொண்டு வருகிறார்கள். மோட்டார் கிடையாது. மேலே வைத்து விட்டால் தன் பாரத்தில் தானே இறங்கும். ஓர் ஓட்டம் ஜெயித்தால்கூடப் போதும், சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்தி விடுவார்கள்.

கார்களைச் சோதிப்பதும், யாரோடு யார் என்று ஜோடி சேர்ப்பதும் பிரேக்காரரின் பொறுப்பு. ஒவ்வொரு காரையும் மேசையில் ஒரு சாண் உருட்டிப் பார்ப்பார். அதிலேயே அதன் ஜாதகம் தெரிந்துவிடும். மந்தத்துக்கு மந்தம், கோணலுக்குக் கோணல் என்று ஜோடி போட்டால், அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஓர் ஓட்டத்தில் ஜெயித்துவிடுவார்கள். எதிலும் ஜெயிக்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு, அவர் மகளின் காரோடு. அவளுக்கு அது ஒன்றுதான் ஓட்டம்.

தடம் இரண்டுதான், ஒருவர் ஜெயிக்க ஒருவர் தோற்றாக வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் மிச்சம் ஒரு பிள்ளை நிற்கும். அந்த மிச்சத்தை அவர் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். விருந்தாளி வந்தால் வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியில் பரிமாறுவோமே, அப்படித்தான் அவருக்கு அது. தோற்பதும் பார்த்தால் தெரியக்கூடாது. கடைசி நொடியில், ஒரு விரல்கடை தூரத்தில் தோற்க வேண்டும். ஜெயித்த பிள்ளை, தான் உண்மையாகவே ஜெயித்ததாக நம்ப வேண்டும். அதற்குத்தான் இந்த நூல் கணக்கு.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருக்கும் ஒருவர் தன் மகனை அழைத்து வருவார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர்; குரல் உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. பையனுக்குக் கைவேலை வராது. அவன் செய்கிற கார் எல்லாம் ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு பந்தயத்தில் எல்லா ஓட்டத்திலும் தோற்றான். பிரேக்காரர் பலகையைக் கழற்றி வெளியே கொண்டுபோனபோது, வண்டிகள் நிற்கும் இடத்தில் அப்பாவும் மகனும் நின்றிருந்தார்கள். மரக் கார் தரையில் கவிழ்ந்து, சக்கர ஆணிகள் மேலே பார்த்துக் கிடந்தது.

"ஷூவைக் கழட்டிட்டு மிதி," என்றார் மேலாளர். பாடம் சொல்லித் தருகிற குரல்.

பையன் கழற்றிவிட்டு மிதித்தான்.

பிரேக்காரர் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார். பிள்ளைதானே சார், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். மேலாளர் சிரித்த முகத்தோடு, என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியில் ஏறிவிட்டார். அடுத்த மாதம் பையன் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டி வந்தான். பிரேக்காரர் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னார். பள்ளியில் பையனின் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த மாதம் பையன் உட்காரும்போது நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தான். "மாமா, யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டான். தன் வாயால் வந்த வினை என்று பிரேக்காரருக்கு நெஞ்சு கருகிப்போனது. அன்று மூடிய வாயை அவர் திறக்கவில்லை. நூலை எடுத்தார். ரிப்பன் குத்திய நாட்களில் மேலாளர் மகனின் தோளில் கை போட்டு அழைத்துப் போவதை அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. பந்தயம் முடிந்ததும் நூலை உருவி எறிந்துவிட்டுத்தான் காரைக் கையில் கொடுப்பார். ஒரு முறை பின் அச்சில் மிச்சமிருந்த நூல் துணுக்கு ஒன்றைக் கண்டு, தூசி என்று ஊதித் தள்ளினாள். ரிப்பன்களும் குண்டூசியும் உள்ள டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. எல்லாச் சட்டைக்கும் எடுத்துக் கொடுப்பாள். தன் சட்டை மட்டும் வெறுமையாக வீடு திரும்பும். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'கடைசி'. ஆனாலும் விடாக்கண்டி. ஒவ்வொரு மாதமும் புதுக் கட்டை, புது வடிவம். மூக்கைச் சரித்துப் பார்த்தாள், அடியில் ஈயம் பதித்துப் பார்த்தாள், அச்சை மணல் காகிதத்தால் தேய்த்துக் கண்ணாடியாக்கினாள். கை தேறிக்கொண்டே வந்தது. அவள் எவ்வளவு நன்றாகச் செய்தாளோ, அப்பாவுக்கு அவ்வளவு நூல் அதிகமாகத் தேவைப்பட்டது.

காட்டிக் கொடுத்தது சட்டைதான். மடித்துத் தைத்த ஓரமெல்லாம் பந்தயத்துக்குப் பந்தயம் பிரிந்து வந்தது. "என்ன, பணிமனையில எலி வளர்க்கறீங்களா?" என்று கேலியில் தொடங்கிய மனைவி, விடாமல் துருவி முழுவதையும் கறந்துவிட்டாள். கேட்டு முடித்ததும் ஊசியைக் கீழே வைத்தாள்.

"அவ வீட்டுக்கு வந்தா யாரு அடிக்கப் போறாங்க?" என்றார் அவர்.

"அடிச்சாத்தான் வலிக்குமா?"

இது நடந்து சில நாளில் மகள், இதுதான் தன் கடைசிக் கார், இதுவும் தோற்றால் இனிக் கட்டையைத் தொடப்போவதில்லை என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்றாள் மனைவி. விட்டுவிடுகிறேன் என்றார்.

போன ஞாயிறு மகள் கொண்டுவந்தது நீலக் கார். உருட்டிப் பார்த்த பிரேக்காரர் அதைப் பிடிக்க மேசை முனைவரை கையை நீட்ட வேண்டியிருந்தது. கூடத்தில் அதற்கு இணை கிடையாது. மேலாளரின் மகன் பச்சைக் கார் கொண்டுவந்திருந்தான், வழக்கம்போல் இழுத்தது. கிடைத்த மந்தங்களோடு எல்லாம் அவனை ஓடவிட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் தோற்றான். மேலாளர் கதவருகே கைகளைக் கட்டி நின்று, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது நீலக் கார் மட்டும்.

பிரேக்காரர் அதை மடியில் கவிழ்த்தார். விரல்கள் அவரைக் கேட்காமலே சட்டை ஓரத்துக்குப் போய் ஒரு நூலை உருவின. எதிரே மகள் ரிப்பன் டப்பாவோடு நின்றிருந்தாள். பையன் அவரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், திரும்ப அவரைப் பார்த்தான். பிரேக்காரர் நூலை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே, காரை நிமிர்த்தித் தடத்தில் வைத்து விட்டார்.

நீலக் கார் கீழே போய் நின்ற பிறகும் பச்சைக் கார் பாதிப் பலகையில் இருந்தது. கூடம் கைதட்டியது. 'கடைசி ஜெயிச்சிட்டா' என்று ஒரு பிள்ளை கூவியது. மகள் ஓடிப்போய்க் காரை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மேலாளர் மகனின் மணிக்கட்டைப் பிடித்து, "வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று தணிந்த குரலில் சொல்லி வெளியே கூட்டிப் போனார். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைக் கார் தடத்தின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எடுக்க ஆள் இல்லை. பிரேக்காரரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த நூலை உருட்டிக்கொண்டே இருந்தன.

மகள் கையை இறக்கினாள். அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். பிரிந்து தொங்கும் சட்டை ஓரத்தைப் பார்த்தாள். வெறிச்சோடிய கதவைப் பார்த்தாள். அப்புறம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விரலிடுக்கிலிருந்து நூலை மெதுவாக வாங்கிக்கொண்டு, நீலக் காரை மடியில் கவிழ்த்து, பின் அச்சில் சுற்ற ஆரம்பித்தாள்.