இல்லாத பிரிண்டருக்கு ஓர் உதவியாளன்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேபிள் அக்காவின் கண் சுவரோரம் ஓடிவிடும். இணைய வயர் எங்கே நுழைகிறது என்று பார்த்து, நேராகப் போய் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான், "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்பார். தண்ணீர் கொடுத்தால் இன்னொரு கையால் வாங்கிக்கொள்வார். "மொதல்ல வழிய அடைக்கணும், அப்புறம்தான் விசாரணை" என்பது அவர் கட்சி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

அடுத்தது பிளாஸ்திரி. கைப்பையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, திரையின் தலையில் இருக்கும் கேமராக் கண்ணை மூடிவிடுவார். "நாம அவனப் பாக்கணும். அவன் நம்மளப் பாக்கக் கூடாது." கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கிற எல்லாமே அக்காவுக்கு 'அவன்'தான். தேடும்போது, "இங்கதானே இருக்கே, வா ராசா, வா" என்று கொஞ்சுவார். பிடிபட்டால் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒரு முழுச் சுற்று சுற்றும். அதற்குப் பிறகு கொஞ்சல் கிடையாது. படங்களையும் எழுத்துகளையும் மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் புதிதாக எழுப்புவார். கடவுச்சொற்களை வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றச் சொல்வார். "சாவி அவன் பையில இருக்கும்போது கதவ மட்டும் மாத்தி என்ன பிரயோஜனம்?"

இப்படிப்பட்டவர், 'அவன்' உள்ளே இருக்கும்போதே, பிடுங்கிய வயரைத் தன் கையாலேயே திரும்பச் சொருகினார் என்றால் யார் நம்புவார்கள்? சொருகினார். சொந்த அண்ணனுக்காக.

அண்ணன் ஒரு வார இதழில் சிரிப்புப் படம் போடுகிறவர். தலை நரைக்க நரைக்க வரைந்த பக்கம் அது. கொஞ்ச நாளாக, இதழ் வெளிவருவதற்கு முதல் நாளே அவர் படம் யாரோ நடத்தும் ஓர் இணையப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அண்ணன்தான் அங்கிருந்து காப்பி அடிக்கிறார் என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். இந்த வாரத்தோடு பக்கம் நிறுத்தம்! "பேனாவத் தொடவே மாட்டேங்கிறார்" என்று அண்ணி போனில் அழுததும், அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

வயர் பிடுங்கியாயிற்று. பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. கம்ப்யூட்டர் விழிக்கும்போது தானும் கூடவே விழித்துக்கொள்கிற நிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"அண்ணே, உங்கிட்ட பிரிண்டர் இருக்கா?"

"ஏது பிரிண்டர்? என்னிக்கும் இருந்ததில்லையே."

"அப்ப இந்த பிரிண்டர் உதவியாளன் யாருக்கு உதவி பண்றான்?"

நாற்காலி சுற்றியது. ஒரு சுற்றல்ல, இரண்டு சுற்று! இலவசமாகக் கிடைக்கிறதே என்று, கம்ப்யூட்டரில் படம் வரைய அண்ணன் எங்கிருந்தோ இறக்கி வைத்த தூரிகைத் தொகுப்பு ஒன்றுக்குள் பதுங்கி வந்தவன் அவன். உள்ளே வந்ததும் சத்தமில்லாமல் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டான். அண்ணன் படத்தைச் சேமித்த கையோடு, வெளியே இருக்கும் திருடன் அதன் வழியே வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

"தூக்கிப் போடுடி அவன!" என்று அண்ணன் கத்தினார். அக்காவின் விரல் அழிக்கும் பொத்தான் வரைக்கும் போய் நின்றது.

"அவனத் துடைச்சிட்டா, நீ காப்பி அடிக்கலன்னு யாரு சாட்சி சொல்லுவா?"

அடுத்து அவர் செய்தது ஆசிரியருக்கு போன் போட்டது. "சார், நீங்களே ஒரு ஜோக் சொல்லுங்க. எங்கண்ணன் வரைவார். யாருக்கும் அனுப்ப மாட்டார், இந்த கம்ப்யூட்டர்லயேதான் இருக்கும். அது அந்தப் பக்கத்துல வந்துட்டா, யாரு திருடன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்."

ஆசிரியர் கடுகடுத்தார். "படத்தத் தூக்கிட்டு ஓடுற திருடன். ஒத்தக் கால்லதான் செருப்பு. போதுமா?"

பேனாவைத் தொடாதவர் அரைமணி நேரம் அதைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் வரைந்து முடிப்பதற்குள், கம்ப்யூட்டரில் இருந்த மற்ற படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் அக்கா தனி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு உள்ளே காலி செய்துவிட்டார். பிறகு வயரைக் கையில் எடுத்தார். சொருகுவதற்குக் கை வரவில்லை. "திருடன உக்கார வச்சு இலை போடுற மாதிரி இருக்கு அண்ணே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொருகினார்.

விசைப்பலகையை ஒருவரும் தொடவில்லை. ஆனால் மோடத்தின் பச்சை விளக்கு பரபரவென்று துடிக்கத் தொடங்கியது.

"போறான்! எடுத்துட்டுப் போறான்!" அக்கா அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினார். அண்ணியோ போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, திரையை விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். காபி ஆறியது. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துடுச்சு!" அண்ணி போட்ட கூச்சலில் அண்ணன் நாற்காலியோடு சரிந்தார். ஒற்றைச் செருப்பு, தோளில் படம், ஓட்டம், எல்லாம் அப்படியே. என்ன படம் என்றுகூடப் பார்க்காமல் போட்டிருக்கிறான், புத்திசாலி!

அதற்குள் ஆசிரியரே கூப்பிட்டுவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குப் பேச்சு வரவில்லை. "தன் படத்தத் தானே போட்டுக்கிட்டான்யா! நான்தான் உங்கள... சரி, விடுங்க. அடுத்த வாரப் பக்கம் எப்ப வரும்?"

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. அண்ணி போனை வாங்கி, "வந்துடும் சார், வந்துடும்" என்றார். அக்காவுக்கும் மூக்கு உறிஞ்சியது. ஜலதோஷம் என்றார்.

"இப்பவாவது அந்த வயரப் பிடுங்கேன்" என்றார் அண்ணி.

"ஒரு நிமிஷம் அண்ணி."

அக்கா வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். கேமராக் கண்ணிலிருந்த பிளாஸ்திரியை உரித்தார். முடியை ஒதுக்கிக்கொண்டு நேரே அதைப் பார்த்தார். வாசலிலிருந்து எடுத்து வந்த தன் ஒற்றைச் செருப்பை அதற்கு நன்றாகத் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டு, மறு கையால் வயரைப் பிடுங்கினார்.