நன்றியில் முடிந்த பாடம்

பாடத்துக்கான அந்த யோசனை ஸ்காபரோ பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வந்தது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களில் பலர் நயாகரா நதியைக் கடந்து கனடாவுக்குத் தப்பி வந்தவர்கள். எங்கள் குடும்பமும் அமெரிக்க எல்லை நகரான பஃபலோவிலிருந்து அதே நதியைக் கடந்துதான் அகதிகளாக உள்ளே வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

அப்போது நான் வரலாற்று ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். இன அநீதியின் வரலாற்றை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று பழக, புதியவர்களும் அனுபவசாலிகளுமாகச் சனிக்கிழமைகளில் கூடுவோம். ஆளுக்கொரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். என் முறை வந்ததும் வரைபடத்தை விரித்து, இரண்டு பயணங்களையும் இரண்டு நிறத்தில் கோடிழுத்து, மூச்சுவிடாமல் பேசினேன். அவர்களுக்கும் எங்களுக்கும் கதவைத் திறந்த நாடு இது என்று நன்றி சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. கைதட்டினார்கள்.

மூத்த ஆசிரியை ஒருவர் மட்டும் தட்டவில்லை. கறுப்பினப் பெண்மணி. முதல் நாளே அவரிடம் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று விசாரித்திருந்தேன். இங்கேதான் என்றவரை விடாமல், அதற்கு முதல் எங்கே என்றும் கேட்டிருந்தேன். இப்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: அடிமைத்தனத்திலிருந்து தப்பி நதியைக் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்?

 இங்குள்ள பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று சமாளித்தேன். நாம் இருக்கும் இதே ஒன்ராறியோ மாகாணத்தில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த தனிப் பள்ளிக்கூடங்கள் 1965 வரைகூட இருந்தன என்றார். அப்படி ஒன்றில்தான் தானும் எழுத்துப் பழகினாராம். அதற்குப் பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனாலும் இந்த நாடு காப்பாற்றியதுதானே என்று இழுத்தேன். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

"உன் நன்றியை நீ சொல்," என்றார் மெதுவாக. "அதை எங்கள் வாயால் சொல்ல வைக்காதே."

வீட்டில் இதைச் சொல்லி, பாடத்தை மாற்றப் போகிறேன் என்றதும் அப்பா பார்த்துக்கொண்டிருந்த ரீவியை நிறுத்தினார்.

"இருக்க இடம் தந்தவனை வகுப்பில நிண்டு குறை சொல்லப் போறியோ, பிள்ளை? உன்ர அண்ணன் இன்னும் கொழும்பில விசாவுக்கு நிக்கிறான்."

"குறை இல்லையப்பா. நடந்தது."

"நடந்தது எல்லாத்தையும் சொல்லத்தான் வேணுமோ? முதல்ல அவன் வந்து சேரட்டும்."

அவரைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி? சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் நன்றி என்று பெருமையாகச் சொன்னதும் இதே பயம்தான். அந்தப் பயம் நல்ல உடுப்புப் போட்டிருந்தது, அவ்வளவே. எங்கள் வரலாற்றை மற்றவர்கள் தங்கள் வசதிக்கு எழுதினால் கொதிக்கிறவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் என் பயத்துக்குச் சாட்சியாக அந்த ஆசிரியையின் முன்னோரை இழுத்து நிறுத்தியிருக்கிறேன்.

இப்போது எனக்கென்று ஒரு வகுப்பு கிடைத்திருக்கிறது. பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைகள். அடுத்த கிழமை அந்தப் பாடம். அந்த மூத்த ஆசிரியை படித்த பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கலாமா என்று அவரிடமே கேட்டேன். சரியென்றார்; பாடத்தன்று பின்வரிசையில் வந்து இருப்பாராம். பிழையாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துவாராம். அண்ணையின் விசா இன்னும் வரவில்லை; அப்பாவின் பயமும் போகவில்லை. ஆகவே, முதலில் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் குசினியில், சாப்பாட்டு மேசையில் இருத்தி, முழுப் பாடத்தையும் அவருக்கு நடத்தப் போகிறேன். அவர் இடையில் எழும்பிப் போனாலும் பின்னால் போய்ச் சொல்லி முடிக்க வேண்டும்.