புறங்கையால் சூடு பார்த்தவர்

குப்பைமேடு ஒன்று எரிவதை டிவியில் பார்த்த மறுநாளே, கச்சிராயபாளையம் உரக்கிடங்குக்குப் போனேன். அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த மகளைக் கையோடு அழைத்து வந்துவிடுவதாக முடிவு.

காய்கறிக் கழிவும் கரும்புச் சக்கையும் நீள நீளமான குவியல்களாகக் கிடந்தன. ஒன்றில் புகை. "தீ! தீ!" என்று கத்திக்கொண்டே பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

குவியலைக் கிளறும் வண்டியிலிருந்து, தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மாள் இறங்கினார்.

"அது ஆவிங்க. மக்கும்போது சூடாவும். ஓயாம போன் போட்டுக்கினே இருக்கிற அம்மா நீங்கதானா?"

"எம்பொண்ணு இந்தச் சூட்டுல நிக்கிறாளே!"

"சூடு இருந்தாதாங்க உரம். காத்து போவலன்னாதான் அழுவி நாறும். அதுக்குத்தான் கெளறி வுடறோம்."

கையிலிருந்த இரும்புக் கம்பியைக் குவியலில் செருகி உருவி, புறங்கையால் தொட்டுப் பார்த்தார். என்னை உள்ளே அழைத்துப் போகையில் எந்தக் குவியலைக் கடந்தாலும் அப்படித்தான். பிறகு அதே புறங்கையை என் கழுத்தில் வைத்தார்.

"இங்கதான் சூடு ஜாஸ்தி. மொதல்ல உங்களத்தான் கெளறி வுடணும்."

பின்னால் வந்து நின்ற மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. நான் தனியாகவே பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சி வரும்வரை போனைத் தொடவில்லை.

அந்த அம்மாளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதை மட்டும் கேட்க மகளுக்கு ஒரு போன் போடலாம், தப்பில்லையே?