மூன்றாம் வண்டியும் மாப்பிள்ளையும்

ஷெட்டில் மெக்கானிக்குக்கு வைத்திருந்த பேர் பட்டாசு. திரி கிள்ளவே வேண்டாம், பார்த்தாலே வெடிப்பார் என்பார்கள். மலைமேலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயைப் பார்த்துவர அங்கே மூன்று ஏ.டி.வி. வண்டிகள் இருந்தன. நாலு தடித்த டயர், முன்னால் வின்ச் என்கிற இழுவை உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு. சேற்றில் மாட்டிக்கொண்டால் கயிற்றை ஒரு மரத்தில் மாட்டிப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான், வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு மேலே வரும். பதினாறு வருஷமாய் இந்த வண்டிகள்தான் அவருக்குப் பிழைப்பு. இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். வாலிபத்தில் கையுறை போடாமல் கயிற்றைத் தொட்டதற்கு உருளை வாங்கிக்கொண்ட கூலி அது. அதனால்தானோ என்னவோ, கயிற்று விஷயத்தில் யார் தப்புச் செய்தாலும் அவருக்குப் பொறுக்காது.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் நமுத்துப்போவார். மூன்றாம் வண்டி ஓட்டுகிறவர் அவருடைய மருமகன். பெண்ணைக் கொடுத்து ஒன்பது மாசம்தான் ஆகிறது. "வாங்க மாப்பிள்ளை, சாப்டீங்களா மாப்பிள்ளை" என்பதற்கு மேல் அவருக்கு வாய் வராது.

அந்த டயருக்கு ஆறு பாயிண்டுக்கு மேல் காற்று ஆகாது. தொளதொளவென்று இருந்தால்தான் சேற்றைக் கவ்வும். மாப்பிள்ளையோ தார் ரோட்டில் பறக்க வேண்டுமென்று பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கார் டயர் மாதிரி விறைக்கிற அளவுக்கு இருபது அடித்துவிடுவார். சாயங்காலம் இவர் இறக்குவார், காலையில் அவர் ஏற்றுவார். ஒரு மாசமாய் இதே கூத்து. மாமனார் பல்லைக் கடித்துக் கடித்து தாடை வலி கண்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் சாயங்காலம் வின்ச்சைப் பார்த்தவருக்குக் காது மடல் சுட்டது. கயிற்றைத் திரும்பச் சுற்றும்போது எதிரே ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அது வரிவரியாய் இறுகி உட்காரும். மாப்பிள்ளை சும்மா பொத்தானை அமுக்கிச் சுருட்டி வைத்திருந்தார். மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து நசுங்கி, நாலைந்து இழை அறுந்து முள்ளாய் நின்றது.

"இதச் சுத்தினவன் கைய..." என்று ஆரம்பித்தார்.

"என்ன மாமா, ஏதாவது சொன்னீங்களா?" என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை குரல்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. பாத்து வீட்டுக்குப் போங்க."

மாப்பிள்ளை தலை மறைந்ததும் மகளுக்குப் போன் போட்டார். "புதுக் கயிறு நாளைக்குத்தான் வருதும்மா. அதுவரைக்கும் வின்ச்சத் தொடக் கூடாதுன்னு சொல்லு."

"நீங்களே சொல்லலாமேப்பா."

"நான் எப்படிம்மா சொல்றது? நீ சொல்லு."

மறுநாள் மத்தியானம், மாப்பிள்ளையோடு மலைக்குப் போயிருந்த குழாய் ஃபிட்டர் போனில் பேசினான். மூன்றாம் வண்டி சரிவில் வழுக்கி நிற்கிறது, இழுக்கும்போது கயிறு அறுந்துவிட்டது என்றான். இவர் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு ஏறினார். வழியெல்லாம் அவர் உதடு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

வண்டி சேற்றில் சாய்ந்து கிடந்தது. முன்விளக்கு சுக்குநூறு. மாப்பிள்ளை ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மெட். அதில் காதுப் பக்கமாய், நகம் இறங்குகிற ஆழத்துக்கு அறுந்த கயிறு கீறிய ஒரு கோடு. ஆண்டவன் அந்த நேரத்தில் அந்தத் தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறான்.

"எந்திரிடா!"

ஃபிட்டர் வாயைப் பிளந்தான். மாப்பிள்ளை தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"இருபது காத்தா அடிக்கிற? வழுக்காம வேற என்னடா செய்யும்? அறுந்த கயித்த மாட்டி இழுத்திருக்கியே, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? என் பொண்ணு மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?"

"வின்ச்சத் தொடாதேன்னு எனக்கு யாரும் சொல்லல மாமா. 'அப்பா பாத்துப் போகச் சொன்னாரு'ன்னு மட்டும்தான் அவ சொன்னா."

பட்டாசுக்குக் கோபம் அடங்கவில்லை, ஆளைத்தான் மாற்றியது.

"என் வாய்க்கு எவன்டா பூட்டுப் போட்டான்?" என்று தன் மார்பிலேயே குத்திக்கொண்டார். "எதிர்ல நிக்கிறவன்கிட்ட சொல்லத் துப்பில்லாம ஊரச் சுத்திச் சொல்லி அனுப்பியிருக்கேன். மரியாதையாம் மரியாதை!"

குனிந்து நாலு டயரிலும் காற்றை ஆறுக்கு இறக்கினார். முதல் வண்டியின் கயிற்றை மாட்டி, அதன்மேல் நனைந்த சாக்கைப் போட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். அறுந்தால் சாக்கின் பாரம் கயிற்றைத் தரையில் அமுக்கும். மூன்றாம் வண்டி உறுமிக்கொண்டு மேலே வந்தது.

சாயங்காலம் புதுக் கயிறு வந்தது. இவர் பொத்தானில் கை வைத்தார். மாப்பிள்ளை கையுறை போட்டு, மறுமுனைக் கொக்கியில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"இன்னும் சாய்டா! பாப்பாவத் தூக்குற மாதிரியா பிடிக்கிறது?"

"சாஞ்சுதான் மாமா நிக்கிறேன்!"

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். "அப்பா, அவர 'டா' போட்டுப் பேசினீங்களாமே? ஷெட்டு பூரா சொல்லிச் சிரிக்கிறாங்களாம்."

"பேசினேன். இப்பவும் பேசிட்டுத்தான் இருக்கேன்."

"அவங்க வீட்ல என்னப்பா நெனப்பாங்க?"

"என்ன வேணா நெனச்சுக்கட்டும். போன வை, இங்க கயிறு தொய்யுது" என்று கத்திவிட்டு அவர் பொத்தானை அமுக்கினார்.